பந்தி முடிந்து வந்த கூட்டம்

அன்புக்கும் ஏச்சுக்கும் ஒருசேர உரிய மச்சான் அருளப்பனுக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே எல்லோரும் சுகம். முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்கும் குறை இல்லை. உனக்கு நான் கடுதாசி போடுவேன் என்று நினைத்திருப்பாயா? நீ இருந்தபோதே போட்டதில்லை. எழுத்துத் தெரிந்தால்தானே போடுவதற்கு. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். "மெதுவாச் சொல்லுங் மாமா, கை வலிக்குது" என்று ஆரம்பத்திலேயே முறைக்கிறாள்.

கல்லறைத் திருநாள் வருகிறதல்லவா? அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் புத்தகக் கடைக் கூட்டத்தில் உன்னைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று உன் மகள் ஜெசிந்தா கேட்டாள். "பேச்செல்லாம் நமக்கு ஆகாது அம்மணி. உங்கப்பனுக்கு ஒரு கடுதாசி சொல்றேன், நீ படிச்சுக் காட்டிரு" என்றேன். அதனால் இது உன் மகள் குரலில்தான் உன்னிடம் வரும். பின்னறையில் உட்கார்ந்திருக்கிற சனமும் கேட்கும். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். சொல்வது உனக்குத்தான்.

ஆமாம் மச்சான், கூட்டம் நடக்கிறது. நின்றுபோகிற மாதிரிதான் இருந்தது. அது எப்படி நிற்காமல் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் நீயும் காரமடைக்குப் பக்கத்தில் ஒரே சாளை வீட்டில் பிறந்தவர்கள். உங்கள் அப்பனும் எங்கள் அப்பனும் ஒரே தோட்டத்தில் பண்ணையம் பார்த்தவர்கள். உன்னைப் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஆட்டோடு போனேன். அப்புறம் நீ கோயமுத்தூரில் புத்தகக் கடை போட்டாய், நான் மில்லுக்கு வந்தேன். பெண் கொடுத்து வாங்கின உறவு நமக்குள் இல்லை. நீ மாதா கோயில், நான் பெருமாள் கோயில். ஆனாலும் விவரம் தெரிந்த நாளிலிருந்து மச்சான் மச்சான்தான்.

ராஜ வீதிச் சந்தில் உன் கடை. முன்னால் பள்ளிக்கூடத்துப் புத்தகமும் நோட்டும் விற்கும். பின்னால் ஒரு நீள அறை. மாதத்தில் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓர் எழுத்தாளரைக் கூட்டிவந்து உட்கார வைப்பாய். அவர் எழுதினதை அவர் வாயாலேயே படிக்க வேண்டும். மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது, நாற்காலியும் கிடையாது. எழுதினவரும் கேட்கிறவரும் ஒரே பாயில். முதல் கூட்டத்தன்று நான் வாசலில் நின்றேன். "உள்ள போடா" என்றாய். "நான் படிக்காதவன், எனக்கு அங்கென்ன சோலி?" என்றேன். "படிக்கறது அவரு. உனக்குக் காது இருக்குதல்ல? அதத் தூக்கிட்டுப் போயி உக்காரு" என்றாய்.

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். யார் யார் என்ன படித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒரு கதையைச் சிரிக்காமல் படித்து எங்களையெல்லாம் சிரிக்க வைத்தாரே ஒரு தபால்காரர், அவர் ஏப்பம் விட்ட இடம்கூட நினைவில் இருக்கிறது. பட்டணத்திலிருந்து பெரிய எழுத்தாளர் ஒருவர் வந்து பகல் முழுக்கப் படித்ததும் இருக்கிறது. எல்லோரும் "ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்று கும்பிட்டார்கள். அவரை ரயிலேற்றி விட்டுத் திரும்பும்போதுதான் ஆளாளுக்குத் திட்டத் தொடங்கினார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நம்மூர்க்காரன் எவனும் மூஞ்சிக்கு நேரா நொள்ளை சொல்ல மாட்டான்டா. தாட்டிவிட்டுட்டுத்தான் சொல்லுவான்" என்றாய். மரியாதை மச்சான், மரியாதை. அதுதான் நம்மைக் கெடுத்தது.

நீ போனதும் கூட்டமும் நின்றுவிட்டது. ஜெசிந்தா கடையைப் பார்த்துக்கொண்டாள். பின்னறையில் நோட்டுக் கட்டுகளை அடுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் என்ன செய்வேன்? வீட்டில் டிவிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பேரன் பேத்திகள் யாரையும் பேச விட மாட்டார்கள். நானும் பார்த்தேன். வண்ண வண்ணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்னைப் பார்த்துச் சொல்லவில்லையே. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தால் எழுதினவர் பக்கத்தைத் திருப்பும்போது நம் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் நான் போனேன் என்று நீ போனபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் உன் மகன் பிலிப்பு ஒரு ஏற்பாட்டோடு வந்தான். அவனைத் தப்பாக நினைக்காதே. பம்பு செட்டுக் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவன், கணக்காகத்தான் யோசிப்பான். பின்னறையை எஸ்டிடி பூத்துக்கு வாடகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். "நோட்டுக் கட்டு தூங்கறதுக்கு எதுக்குக்கா அத்தனை பெரிய ரூமு?" என்றான்.

ஜெசிந்தா உன்னை மாதிரி. குரலை உயர்த்த மாட்டாள், பிடியையும் விட மாட்டாள். "ஒரே ஒரு கூட்டம் போடறேன் பிலிப்பு. அப்பா இருந்தப்ப வந்த மாதிரி ஆள் வந்தா ரூமு கூட்டத்துக்கு. வரலீன்னா உம்பட இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள். அவனும் சரியென்றான். அந்த அறை போனால் எனக்குப் புத்தகமே போனமாதிரி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கொடுமுடியிலிருந்து ஓர் அம்மாவை வரச் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காவேரிக் கரைச் சனங்களைப் பற்றி முதன்முதலாக ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ஜெசிந்தா அச்சடித்த அட்டையை எல்லோருக்கும் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு என்று நேரம் வைத்தாள்.

அட்டை என் வீட்டுக்கும் வந்தது. எனக்கு அது என்ன தெரியும்? மருமகள் படித்துக் காட்டினாள். "கடைசி ஞாயித்துக்கெழமையாங் மாமா." சரி, நீ வைக்கிற அதே நாள்தானே என்று மனதுக்குள் சந்தோசப்பட்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு கல்யாணமும் இருந்தது. என்னோடு மில்லில் வேலை பார்த்த நாச்சிமுத்துவின் பேத்திக்கு. மண்டபம் உன் கடையிலிருந்து கூப்பிடு தூரம். தாலி கட்டினதும் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்குக்கூட நிற்காமல் கடைக்கு ஓடினேன். பின்னறையில் பாய் விரித்திருந்தது. கொடுமுடி டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டீக்கடைக்காரன் தேங்காய் பன் தட்டை வைத்துவிட்டு, "யாருக்குங்க இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். வேறே ஓர் ஈ காக்கை இல்லை.

"ஏனுங் மாமா, ஒருத்தரையுங் காணோம்?" என்றாள் ஜெசிந்தா. முகம் வெளுத்துக் கிடந்தது.

"அம்மணி, இன்னைக்கு என்ன நாளு?"

"ஞாயித்துக்கெழமைங்."

"ஆவணி மாசத்து ஞாயித்துக்கெழமை அம்மணி. முகூர்த்தம்! அதும் சின்னது கிடையாது. ஊரு முச்சூடும் கல்யாணத்துல இருக்குது."

"எனக்கெப்படிங் மாமா தெரியும்? பங்குக் கோயில் காலண்டர்ல எதுவும் போடலியே. பூசையில ஃபாதர்கூட ஒண்ணும் சொல்லலீங்களே!"

எனக்கு அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. பெருமாளுக்கு நாள் பார்க்கிறதை ஃபாதர் எங்கே சொல்வார்? அட்டை வாங்கின நானும் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. சாயங்காலம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அம்மணி ஆசையா நாள் வெச்சிருக்குது, அன்னைக்கு ஆகாதுன்னு எப்படிங் சொல்றது?" மரியாதையாம்!

"பகல்ல பிலிப்பு வர்றான் மாமா. பூத்துக்காரரையும் கூட்டிட்டு ரூம அளக்கறதுக்கு" என்றாள் ஜெசிந்தா, மெல்ல.

கொடுமுடி டீச்சர் எழுந்தார். "பரவாயில்லீங்க. நான் அடுத்த வண்டிக்குக் கெளம்பறனுங்க" என்றார். அந்தம்மாளும் கொங்குக்காரி பார், கோபம்கூட -ங்க போட்டுத்தான் வருகிறது.

"ஒரு டீ குடிச்சுப்போட்டு உக்காந்திருங் அம்மா. இதா வாரேன்" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கே திரும்பினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயும் ஓடியிருப்பாய். ஆனால் உன் தொப்பைக்கு மெதுவாக ஓடியிருப்பாய்.

மண்டப வாசலிலேயே நாச்சிமுத்து பிடித்துக்கொண்டான். "ஏண்டா ரங்கா, எம்பட பேத்தி கல்யாணத்துல கை நனைக்காமப் போற அளவுக்குப் பெரிய மனுசனாயிட்டயா?" என்று கையை முறுக்கிப் பந்தியில் தள்ளினான். இலைக்கு முன்னால் உட்கார்ந்து பக்கத்தில் பார்க்கிறேன், நம் காலேஜு வாத்தியார்! உன் கூட்டம் ஒன்றையும் விடாதவர். எதிர் வரிசையில் கண் டாக்டர். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள்.

"கூட்டத்துக்கு வரலீங்களா?" என்றேன்.

"வரணும்னுதாங்க... சொந்தக்காரங்க கல்யாணம், பாதியில எந்திரிச்சா நல்லாருக்குதுங்களா?" என்றார் வாத்தியார்.

"அங்க ஒரு அம்மா ஒத்தையில உக்காந்திருக்குது. இன்னைக்கு ஆள் வராட்டி அந்த ரூமே போன் பூத்து ஆயிருமுங்க. அருளப்பன் கூட்டம் இத்தோட சரி."

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. ரசத்தோடு வந்த ஆள் நின்றுவிட்டான். நாச்சிமுத்து வந்து, "என்னடா ஒப்பாரி?" என்றான். விசயத்தைச் சொன்னேன். அவன் யோசித்தான். மாப்பிள்ளை வீட்டுச் சனம் தொண்டாமுத்தூரிலிருந்து வந்தது. அவர்களைக் கொண்டுபோகிற வேன் சாயங்காலம்தான் வரும். அதுவரை அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று காலையிலிருந்து அவனுக்குத் தலைவலி. மண்டபத்துக்காரன் வரவேற்புக்குக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று நாற்காலியை மடக்கத் தொடங்கிவிட்டான்.

"அங்க ஃபேன் ஓடுதா?" என்றான் நாச்சிமுத்து.

"ஓடுது."

"பாயி?"

"விரிச்சே இருக்குது."

"அப்பறம் என்னடா? இங்க தூங்கறதுக்கு அங்க போயித் தூங்கட்டும்!"

மச்சான், அந்த ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெயிலில், பட்டுச் சேலையும் கரை வேட்டியும், கையில் ஆளுக்கொரு தாம்பூலப் பை, நெற்றியில் சந்தனம். முன்னால் நான், பின்னால் வாத்தியாரும் டாக்டரும், அவர்களுக்குப் பின்னால் தொண்டாமுத்தூரே வருகிறது. ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். பாய் பத்தவில்லை. நோட்டுக் கட்டுகளின் மேலெல்லாம் சனம் ஏறி உட்கார்ந்தது. அறை முழுக்க மல்லிகையும் நெய்யும் மணத்தது.

டீச்சர் படிக்க ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்த சனம்தானே, பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. ஒரு பெரியவர் தாம்பூலப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டார். கதையில் காவேரியில் வெள்ளம் வருகிறது. செல்லாயி என்று ஒரு பெண். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பரிசலில் ஏறிவிட்டார்கள். தொழுவத்தில் அவளுடைய சினைமாடு நிற்கிறது. பரிசல்காரன் ஆளைத்தான் ஏற்றுவேன், மாட்டை ஏற்ற மாட்டேன் என்கிறான். புருசன் மாட்டை விட்டுவிடு என்கிறான்.

"மாட்ட உட்டுட்டு எப்படிப் போறது?" என்றது ஒரு குரல். படுத்திருந்த பெரியவர்!

"ஏனுங், உசுரு பெருசா மாடு பெருசா?" என்றான் இன்னொருவன்.

"சினைமாடுடா. அதுக்குள்ள இன்னொரு உசுரு இருக்குதல்ல?"

"உம்பட மாடா இருந்தா நீ போவியா?"

"நான் போவேன். இவரு போவாரான்னு கேளு" என்று ஒரு பெண் தன் வீட்டுக்காரரைக் காட்டினாள். அறையே சிரித்தது.

வாத்தியார் எழுந்து, "படிக்கும்போது பேசக்கூடாதுங்க" என்றார். டீச்சரே கையமர்த்திவிட்டார். அந்தம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நடுக்கம் போய்விட்டது. நம் கூட்டத்தில் இத்தனை வருசத்தில் எழுதினவரிடம் யாராவது இப்படிச் சண்டை பிடித்திருக்கிறார்களா? நல்லா இருந்துதுங்க, கும்பிடறனுங்க, அவ்வளவுதானே?

செல்லாயி பரிசலிலிருந்து குதித்து வீட்டுப் பக்கம் திரும்பினாள். டீச்சர் அங்கே புத்தகத்தை மூடினார். "மீதிய புஸ்தகத்துல படிச்சுக்குங்க" என்றார், எல்லா எழுத்தாளரும் சொல்கிற மாதிரி.

அப்போது அந்தப் பெண் கேட்டாள். வீட்டுக்காரரைக் காட்டினாளே, அவள்தான். "எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சா நாங்க எதுக்குங்க உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறோம்? அவள நடுத்தண்ணியில உட்டுட்டுப் போறீங்களே, நாயமா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருசம் அந்த அறையில் படிக்காதவன் நான் ஒருத்தன்தான் என்று மூலை பார்த்து உட்கார்ந்தவன் நான். அவள் நடுவில் உட்கார்ந்து, தலை நிமிர்ந்து, சோறு இன்னொரு கரண்டி போடு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு அது ஏன் தோன்றாமல் போனது மச்சான்?

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார்.

"மலையில இருந்து ஆனை எறங்கறதுக்குள்ள நாங்க ஊரு போய்ச் சேரோணும். அதுக்குள்ள அவளக் கரையேத்திப்போடுங் அம்மணி" என்றார் பெரியவர்.

அந்த நேரத்தில்தான் பிலிப்பு வந்தான். ஒரு கையில் அளக்கிற டேப்பு, பின்னால் பூத்துக்காரர். வாசற்படியில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். "ஏந் தம்பி, வெளிச்சத்த மறைக்காத. ஒண்ணு உக்காரு, இல்லாட்டி அக்கட்டால போ" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். அவன் கடை, அவன் அறை! செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். பூத்துக்காரரும் அவன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தார்.

செல்லாயி கயிற்றை அறுத்துவிட்டு மாட்டைத் தண்ணீரில் இறக்கினாள். வாலைப் பிடித்துக்கொண்டாள். மாடு நீந்துகிறது. இருட்டுகிறது. கரை தெரியவில்லை. அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். வேன்காரன் வெளியே வந்து ஹாரன் அடித்தான், யாரும் அசையவில்லை. மறுபடியும் அடித்தான். அப்புறம் அவனே உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். எங்கேயோ கீழே, பேர் தெரியாத ஓர் ஊரில் மாடு கரையேறிக் காதை உதறியது. அந்தத் தண்ணி என் மேல் தெறித்தது என்று சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். நீ சிரிக்க மாட்டாய்.

சனம் பெருமூச்சு விட்டது. பெரியவர் டீச்சரிடம் போய்க் கும்பிட்டார். "எல்லாஞ் செரிங். அந்தப் பரிசல்காரன மட்டும் சும்மா உட்டிருக்கக் கூடாதுங்" என்றார். மூஞ்சிக்கு நேராக நொள்ளை! டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

வேன் போனபிறகு அறையில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். பூத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் வேற எடம் பாத்துக்கறனுங்க" என்றார் பிலிப்புவிடம். "இங்க போன வெச்சா, இத்தனை சத்தத்துல எவன் பேசி எவனுக்குக் கேக்கறது?"

பிலிப்பு டேப்பை இழுத்தான். சுவரோரத்து அலமாரியை அளந்தான். அப்புறம் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே அளந்தான். "அக்கா, இந்த அலமாரிய முன்னாடி கடைக்குக் கொண்டுபோயிட்டா இன்னும் ஒரு வரிசை உக்காரலாம். நோட்டுக் கட்டுமேல உக்காந்து எல்லாம் நசுங்கிப்போச்சு பாரு" என்றான்.

ஜெசிந்தா டீக் கிளாசுகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிலிப்பு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அந்த மாடு அவ ஊருக்குத் திரும்பி வந்துதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கென்ன தெரியும்? டீச்சரைக் கேள் என்றேன். கேட்டான் மச்சான். உன் மகன், ஓர் எழுத்தாளரைப் பார்த்துக் கேள்வி கேட்டான்.

அலமாரி இப்போது முன்கடையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு வரிசை அதிகம்தான். தொண்டாமுத்தூரிலிருந்து அந்தப் பெண் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். படித்தவரிடம் அன்றைக்கும் சண்டை.

அங்கே உனக்குப் பொழுது எப்படிப் போகிறது? கூட்டம் எதுவும் போட்டுவிட்டாயா, இல்லை சும்மா படுத்திருக்கிறாயா? அங்கே முகூர்த்த நாள் உண்டா, இல்லையா?

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன், மருமகள் கையை உதறுகிறாள். இனிமேல் நான் மூலையில் உட்கார மாட்டேன். நடுவில் உட்காருவேன். புத்தகத்தைப் பாதியில் மூடுகிற எவரையும் விட மாட்டேன், மீதியைக் கேட்டு வாங்குவேன். காது இருக்கிறவரை காதுக்காக வருவேன். காது போனால் படிக்கிறவர் முகத்தைப் பார்க்க வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கொடுக்காமலும் வாங்காமலும் ஆன உன் மச்சான்,
ரங்கன்